வசையும் நசையும்: ஔவையின் படைக்கல அங்கதம், அமெரிக்க அரசியல் நகை, ஆவடித் தீர்மானம்

ஆய்வுச்சுருக்கம்

பொருளாதார ஏற்றத்தாழ்வைப் பொருளாகக் கொள்ளும் அங்கதத்தை அளந்தறிவதற்குத் தொல்காப்பியச் செய்யுளியல் தரும் வசை, நசை என்னும் இரு சொற்கள் பயன்படுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. புறநானூற்றின் 95ஆம் பாடல், புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’, அமெரிக்க நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேரின் அரசியல் அங்கதம் ஆகியவை ஒப்பிடப்படுகின்றன. அவ்வொப்பீட்டின் ஒளியில் 1955ஆம் ஆண்டின் ஆவடித் தீர்மானமும், அதன்பின் ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரத்தில் உருவான தொழிற்சூழலும் படிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அங்கதம், பழிகரப்பு, நசை, ஏற்றத்தாழ்வு, ஆவடித் தீர்மானம், ஒப்பந்தத் தொழிலாளர்.

முன்னுரை

அங்கதம் செம்பொருள், கரந்தது என இருவகைப்படும் என்பது தொல்காப்பியச் செய்யுளியல் காட்டும் பாகுபாடு. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்துப் பிறிதொன்று சொல்வதுபோலச் சொல்வது பழிகரப்பு. தமிழில் அங்கதம் பற்றி எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் இவ்விரு வகையோடு நின்றுவிடுகின்றன. அதே இயல் சற்றுப் பின்னே தரும் மற்றொரு விளக்கம் போதிய கவனம் பெறவில்லை. புகழும் பொருளும் கூடிவருவதைச் செவியுறை என்றும், வசையும் நசையும் கூடிவருவதை அங்கதச் செய்யுள் என்றும் அது பிரிக்கிறது. வசை இருக்குமிடத்தில் நசைக்கு என்ன வேலை என்ற கேள்வி எழுவது இயல்பு. நசை என்பதற்கு விருப்பம் என்னும் நேர்ப்பொருளையே இக்கட்டுரை கொள்கிறது. அங்கதம் பாடுவோர் ஒன்றைப் பழிக்கும்போது வேறொன்றை விரும்புகின்றனர்; அவ்விருப்பம் பாட்டுக்குள்ளேயே இடம்பெற்றிருக்க வேண்டும் என்று இதனைப் படிக்கலாம். ஏற்றத்தாழ்வு பற்றிய அங்கதத்தை ஆராய்வதற்கு இப்படிப்பு மிகவும் பொருந்துகிறது. செல்வரை எள்ளி நகையாடுதல் எளிது. செல்வம் வேறெவ்வாறு பங்கிடப்படவேண்டும் என்பதை நகைப்பினூடே சொல்வதுதான் அரிது.

கொட்டிலும் சோறும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது புறநானூற்று 95ஆம் பாடலின் பின்னணி. இங்குள்ள படைகள் பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, காம்பு திருத்தி நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க மனையில் உள்ளன. எம் மன்னனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறிய உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்று ஔவை சொல்கிறார். சொல்லளவில் தொண்டைமானின் படைக்கலங்கள் புகழப்படுகின்றன. போர் அறியாதவன் என்ற பழி அதனுள் மறைந்திருக்கிறது. பாடலுக்குத் துறை வகுத்தவர் இதனை வாண்மங்கலம் என்று குறித்ததும் சுவையானதே. பழிகரப்பு எத்துணை நன்றாகக் கரந்திருந்தால் அது மங்கலத்துள் சென்று சேரும்!

பாடநூல்களும் உரைகளும் இப்பாடலைப் போர்த்தடுப்புத் தூதின் சிறப்புக்கும் நயமான இகழ்ச்சிக்கும் எடுத்துக்காட்டாகத் தந்து அமைகின்றன. பாடலின் இறுதிப் பகுதி படையைப் பற்றியதன்று, உணவைப் பற்றியது. அதியமான் தன்னிடம் பொருள் இருந்தால் உணவளிப்பவன், இல்லையானால் இருப்பதைப் பிறரோடு உடனிருந்து உண்பவன், இல்லாதவரின் சுற்றத்துக்குத் தலைவன் என்று ஔவை முடிக்கிறார். இரண்டு அரசர்களின் வீரத்தை ஒப்பிடும் பாடலுக்கு இம்முடிவு ஏன் வேண்டும்? வீர ஒப்பீடு உலைக்கூடத்தோடே நிறைவுபெற்றுவிட்டது.

கொட்டிலில் பூட்டிவைக்கப்பட்ட படையும் பயன்பட்டுத் தேய்ந்த படையும் இப்பாடலில் இருவேறு செல்வ நிலைகளாகவும் நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒன்று காட்சிக்காகச் சேர்த்துவைக்கப்பட்ட பொருள். மற்றொன்று புழங்கி உருக்குலைந்த பொருள். முதல் பகுதி வசை. உடனுண்ணல் என்னும் இறுதிப் பகுதி நசை. கொடுத்தலைப் பாடிய புறப்பாடல்கள் பல. இல்லாத காலத்தில் உடன் உண்ணுதலைத் தலைமையின் இலக்கணமாக்கியது இப்பாடலின் தனித்தன்மை.

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபின் கூர்மையான தொடர்ச்சி 1934இல் மணிக்கொடியில் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’. தலைப்பே புகழ்ச்சி, கதையோ நகரத்தின் அழுக்குச் சந்து ஒன்றில் நிகழ்வது. குதிரைவண்டி ஓட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான். ஆலைத் தொழிலாளியான அம்மாளு அவனுக்குப் பால்கஞ்சி தருவதற்காக முக்கால் ரூபாய்க்குத் தன்னை விற்கிறாள். கற்பு பற்றி ஓயாது பேசுவோரை நோக்கிக் கதைசொல்லி திரும்புகையில் வசை வாசகர்மேல் விழுகிறது. நசையோ ஒரு கிண்ணப் பால்கஞ்சி அளவினதாகச் சுருங்கிவிட்டது. அரசனோ தலைவனோ இக்கதையில் இல்லை. உடன் உண்பதற்கு எவரும் இல்லை.

வாஷிங்டன் விருந்து

ஔவை நின்ற சூழலுக்கு மிக நெருங்கிய அண்மைக்கால நிகழ்வு ஒன்றை அமெரிக்க அரசியல் வரலாறு தருகிறது. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 29 அன்று வாஷிங்டனில் வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சங்க விருந்தில் ஸ்டீபன் கோல்பேர் பேசினார். தொலைக்காட்சியில் அவர் ஏற்றிருந்த வேடம் வலதுசாரிக் கருத்துரையாளர் ஒருவருடையது. ஆளுவோரை இடைவிடாது புகழ்வதே அவ்வேடத்தின் தொழில். சில இருக்கைகள் தள்ளி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அமர்ந்திருக்க, அதிபர் உறுதியாக நிற்பவர் என்று கோல்பேர் புகழ்ந்தார். எங்கெங்கே நின்றார் என்றும் எண்ணிக் காட்டினார்: விமானந்தாங்கிக் கப்பல், இடிபாடுகள், வெள்ளம் புகுந்த நகரச் சதுக்கம். எப்பேரழிவு நேரினும் அமெரிக்கா சிறந்த ஒளிப்படத்தோடு எழுந்து நிற்கும் என்பது அப்புகழ்ச்சியின் சாரம். பீலியும் மாலையும் அணிந்த வேலுக்கும் இடிபாட்டின்மேல் நின்று எடுத்துக்கொண்ட ஒளிப்படத்துக்கும் இடையே உள்ள ஒற்றுமையை விளக்க வேண்டியதில்லை.

இங்கே சொல் பற்றிய ஓர் இடைக்குறிப்பு தேவை. அமெரிக்காவில் ‘லிபரல்’ எனப்படுவோர் அரசின் தலையீட்டையும் செல்வப் பங்கீட்டையும் ஆதரிப்போர். இந்தியாவில் அச்சொல்லின் பொருளாதாரப் பொருள் பெரும்பாலும் இதற்கு நேரெதிர். ‘தாராளவாதம்’ என்ற ஒரே மொழிபெயர்ப்பு இரண்டையும் தாங்கும்போது நம் இதழ்களில் பல குழப்பங்கள் நேர்கின்றன. கோல்பேரின் அங்கதம் முதற்பொருளில் தாராளவாத அங்கதம்.

விருந்துப் பேச்சைவிட ஆராயத்தக்கது அவர் 2011இல் செய்த செயல். அரசியல் பரப்புரைக்கு நிறுவனங்கள் வரம்பின்றிச் செலவிடலாம் என அமெரிக்க உச்சநீதிமன்றம் 2010இல் ‘சிட்டிசன்ஸ் யுனைட்டட்’ வழக்கில் தீர்ப்பளித்தது. அதனையொட்டி ‘சூப்பர் பாக்’ எனப்படும் நிதிக்குழுக்கள் தோன்றின. வேட்பாளரோடு கலந்து செயல்படாதவரை அவை எவ்வளவு பணமும் திரட்டலாம். கோல்பேர் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் இசைவு பெற்று உண்மையாகவே ஒரு சூப்பர் பாக் தொடங்கினார். ஆணையத்தின் முன்னாள் தலைவரான டிரெவர் பாட்டர் அவருடைய வழக்கறிஞராக நிகழ்ச்சியில் தோன்றிச் சட்டத்தின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கினார். பத்து இலட்சம் டாலருக்கு மேல் திரண்டது. 2012 சனவரியில் தாமே வேட்பாளராகப் போவதாக அறிவித்த கோல்பேர், கலந்து செயல்படக்கூடாது என்னும் விதிக்காகக் குழுவைத் தம் நண்பர் ஜான் ஸ்டூவர்ட்டிடம் தொலைக்காட்சியிலேயே ஒப்படைத்தார். விதி மீறப்படவில்லை, விதியின் வெறுமை நாடறிய வெளிப்பட்டது.

குழுவுக்கு அவர் சூட்டிய பெயர் ‘சிறந்த நாளைக்கான அமெரிக்கர்கள், நாளைக்கு’ என்று பொருள்படுவது. பரப்புரைக் குழுக்களின் பெயர்களைப் பகடி செய்யும் இத்தலைப்பில் நல்ல காலம் ஒருபோதும் இன்றைக்கு வருவதில்லை. வேறெங்கும் இல்லாத அளவுக்கு இங்கே வசை ஓர் ஆளை விட்டு ஏற்பாட்டின்மேல் சென்று தைக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கின் சுக்கோட்டிப் பூங்காவில் கூடியோர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நாங்கள் என்று முழங்கியதையும் உடன் நினைக்கவேண்டும். அவர்களிடம் நசை இருந்தது. கோல்பேரிடம் வசை இருந்தது. இரண்டும் ஒரே பாட்டில் சேரவில்லை. 2012 தேர்தலுக்குப் பின் குழு கலைக்கப்பட்டு எஞ்சிய பணம் அறப்பணிகளுக்குச் சென்றது. தீர்ப்பு அப்படியே நின்றது. அறிந்து சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்ற நிறைவைப் பார்வையாளருக்குத் தருவது இவ்வகை அங்கதத்தின் இடர். அதிபர்களின் தலைமுடியையும் உச்சரிப்பையும் பகடி செய்யும் நாள்தோறுமான இரவு நிகழ்ச்சிகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஆவடி, 1955

தொண்டைமானின் நாட்டுக்குத் திரும்பலாம். ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி மூன்றும் பழைய தொண்டை நாட்டு நிலப்பகுதியில் அடங்குவன. இந்திய தேசிய காங்கிரசின் அறுபதாவது மாநாடு 1955 சனவரியில் ஆவடியில் யு. என். தேபர் தலைமையில் கூடியது. மாநாட்டுத் திடல் காமராசரின் அரசியல் வழிகாட்டியான சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கியது. காமராசர் முதலமைச்சராகி ஓராண்டுகூட நிறையவில்லை. முதன்மையான உற்பத்திச் சாதனங்கள் சமுதாய உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ இருக்கவும், உற்பத்தி படிப்படியாக விரைவுபெறவும், நாட்டின் செல்வம் நேர்மையாகப் பங்கிடப்படவும் வழிசெய்யும் ‘சோசலிசப் பாணிச் சமுதாயம்’ திட்டமிடலின் இலக்காகும் என்று அம்மாநாடு தீர்மானித்தது.

தீர்மானத்தின் மொழியை அங்கத இலக்கணத்தால் அளந்தால் அது முழுவதும் நசை என்பது புலப்படும். வசைக்கு அதில் இடமில்லை. ஏற்றத்தாழ்வு யாரால், எதனால் நேர்ந்தது என்ற பேச்சு இல்லாமலே பங்கீடு விரும்பப்படுகிறது. ‘சோசலிசம்’ என்னாமல் ‘சோசலிசப் பாணி’ என்றதில் உள்ள மென்மையும் அதனோடு ஒத்ததே. வசையை வழங்கியவர்கள் மறுபக்கத்தார். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த இராஜாஜி பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சி என்று இத்திட்டமிடலைச் சாடினார். அச்சொற்றொடர் இன்றளவும் வழங்குகிறது. தீர்மானத்தின் சொற்றொடரோ வரலாற்றுப் பாடத்தோடு நின்றுவிட்டது. வசை நினைவில் தங்கும் அளவுக்கு நசை தங்குவதில்லை போலும்.

தீர்மானம் வெறுஞ்சொல்லாகவே போயிற்று என்றும் சொல்லிவிட முடியாது. ஆவடியிலேயே 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அரசுடைமையாக எழுந்தது. விசயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. ஆர். வெங்கடராமன் தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1964இல், அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானது. சிறுதொழில் முனைவோருக்கு இடம் தந்து செல்வத்தைப் பரவலாக்குவது அதன் நோக்கம். கடைசல் பட்டறையில் தொடங்கி உதிரிபாகத் தொழில் நடத்தும் நிலைக்கு உயர்ந்த குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் உண்டு. ‘பாணி’ என்று எள்ளுவோர் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

‘ஒழிப்பு’ என்னும் சொல்

ஆயினும் இவ்வட்டாரத்தின் ஏற்றத்தாழ்வை அறியவேண்டுவோர் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலுள்ள தொலைவை மட்டும் பார்த்தால் போதாது. ஒரே எந்திரத்தின் இருபுறமும் நிற்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இடையே உள்ள தொலைவே இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் விடியற்காலையில் ஆலைப் பேருந்துகளுக்காகக் காத்து நிற்போருள் இருவகையினரும் உண்டு.

இத்தொலைவை ஒழுங்குபடுத்த 1970இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயர் ‘ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்பு) சட்டம்’. ஒழுங்குபடுத்தப்படுவதும் ஒழிக்கப்படுவதும் ஒரே பொருள்! பழிகரப்புக்கு இதைவிட நல்ல தலைப்பைப் புதுமைப்பித்தனும் சூட்டியிருக்க இயலாது. ஒரு தொழிலில் ஒப்பந்தமுறை சட்டப்படி தடைசெய்யப்பட்டாலும், அதனாலேயே அங்கு வேலைசெய்த ஒப்பந்தத் தொழிலாளர் நிறுவனத்தின் தொழிலாளர் ஆகிவிடமாட்டார் என 2001இல் இந்திய எஃகு ஆணைய வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒப்பந்தம் ஒழியலாம், அதனோடு வேலையும் ஒழியலாம். கோல்பேருக்குச் சூப்பர் பாக் விதிகள் எவ்வாறோ, அவ்வாறே தமிழ் அங்கதக்காரருக்கு இச்சட்டத்தின் பெயர். ஆயினும் அமைச்சர்களின் பேச்சையும் நடையையும் பகடி செய்த அளவுக்கு நம் மேடைகளும் இதழ்களும் இப்பெயரைத் தொட்டதில்லை. ஆளை எள்ளுவதில் கிடைக்கும் கைதட்டல் ஏற்பாட்டை எள்ளுவதில் கிடைப்பதில்லை என்பது ஒரு காரணமாகலாம்.

ஔவையின் நசையை இங்கு நேராகவே பொருத்திப் பார்க்க முடியும். உணவுக்கூடம் பற்றிய விதிகளும் இச்சட்டங்களிலேயே இருந்தன. இருநூற்றைம்பது பேருக்கு மேல் வேலைசெய்யும் ஆலையில் உணவுக்கூடம் அமைக்கும் பொறுப்பு ஆலையை நடத்துவோருடையது என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தால் அவர்களுக்கான உணவுக்கூடம் ஒப்பந்தக்காரருடைய பொறுப்பு என்றது 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. ஒரே ஆலைக்குள் இரண்டு உணவுக்கூடங்களைச் சட்டமே கற்பனை செய்து வைத்திருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் உணவுக்கூடத்துக்கான நூறு பேரைக் கணக்கிடும்போது ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து எண்ணச் சொல்கிறது. ஆவடித் தீர்மானம் சொன்ன பங்கீட்டுக்கு இது மிகச் சிறிய, ஆனால் கண்ணால் காணக்கூடிய ஓர் அளவுகோல். மதிய உணவு மணி அடித்தபின் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் எந்த ஆலையிலும் எவர் எவரோடு அமர்ந்து உண்கிறார் என்பதைச் சென்று பார்த்துக்கொள்ளலாம்.