புல்லட்டின் ஓசை: சைலன்சர் வழியே ஓர் ஒலிப் பாடம்

எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒலி தனிப் பாடமாகவே இடம்பெறுகிறது. இசைக்கவை, கம்பி, மணி ஆகியவற்றைக் கொண்டு அதிர்வெண்ணையும் ஒத்ததிர்வையும் விளக்குகிறோம். ஆனால், மாணவர்கள் தாங்களாகவே ஒலியைப் பற்றி ஆர்வத்தோடு பேசும் இடம் வேறு. அது மோட்டார் சைக்கிளின் சைலன்சர். “அதைக் கழற்றிட்டா வண்டி நல்லா இழுக்கும்” என்பது மேல்வகுப்பு மாணவர் பலரின் நம்பிக்கை.

நம் மாவட்டத்தில் சாலையை ஒட்டிய பள்ளிகள் பல. நாகர்கோவில் – திருவனந்தபுரம் சாலையோரம் பாடம் நடத்துவோருக்கு இது புதிதல்ல. சைலன்சர் மாற்றிய ஒரு வண்டி கடந்து போனால், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. மாணவரின் நம்பிக்கையைக் கண்டித்து மாற்றுவது கடினம். கணக்குப் போட்டுப் பார்க்கவும், குழாயைக் கையில் எடுத்துச் சோதிக்கவும் செய்தால் அது தானே மாறும். அதற்கு உதவும் நான்கு செயல்பாடுகள் இங்கே தரப்படுகின்றன.

ஓசை எங்கே பிறக்கிறது?

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் தோன்றிய ராயல் என்ஃபீல்டு புல்லட், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் ஏற்பட்ட கூட்டு முயற்சியால் சென்னைக்கு வந்தது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் உருவான பழைய 350 புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். அதன் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 90 மி.மீ. உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் இவற்றைப் பொருத்தினால் 22/7 × 3.5 × 3.5 × 9 = 346.5 கன செ.மீ. வண்டியின் 346 சி.சி. என்பது இதுதான். பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்துக்கும் இது ஓர் உயிருள்ள கணக்கு.

உறிஞ்சல், அழுத்தம், வெடிப்பு, வெளியேற்றம் என நான்கு வீச்சுகளுக்கு எஞ்சின் இரண்டு முறை சுழல்கிறது. எரிபொருள் ஒரு முறைதான் எரிகிறது. நிமிடத்துக்கு 960 சுற்று என்றால் 480 வெடிப்பு, அதாவது வினாடிக்கு 8. மனிதச் செவி தொடர் ஒலியாகக் கேட்கும் அதிர்வெண் ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. அதனால்தான் நின்று ஓடும் புல்லட்டின் வெடிப்புகள் ஒரே சுரமாகச் சேராமல் ‘டப்... டப்... டப்’ என்று தனித்தனியாகக் கேட்கின்றன.

இதோடு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஒப்பிடலாம். 1960களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, 1962இல் இங்கிலாந்தில் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தது. அதன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சுற்றுக்கு நான்கு வெடிப்பு என்பதால், நிமிடத்துக்கு 3000 சுற்றில் வினாடிக்கு 100 வெடிப்புகள் நிகழும். செவி அதை ஒரே உறுமலாகக் கேட்கும்.

செயல்பாடு 1: தட்டலிலிருந்து சுரம்

ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரக் கம்பிகளில் உரசும்படி கெட்டி அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் கம்பிகளை எண்ண வேண்டும். 40 கம்பிகள் இருந்து, சக்கரம் ஐந்து வினாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் வினாடிக்கு 8 தட்டல் கேட்கும், இது புல்லட். வினாடிக்கு இரண்டரைச் சுற்றுச் சுற்றினால் 100 தட்டல், இது ஸ்பிட்ஃபயர். தனித்தட்டல் சுரமாக மாறும் இடத்தை மாணவர்களே கண்டறிவார்கள். தொடக்க வகுப்புகளில் கணக்கை விட்டுவிட்டு இதை மட்டும் செய்துகாட்டினாலும் போதும்.

செயல்பாடு 2: குழாயின் நீளம்

உறிஞ்சு குழலின் ஒரு முனையைத் தட்டையாக்கி, இரு ஓரங்களையும் சாய்வாக வெட்டினால் சீவாளி போலாகிவிடும். அதை ஊதிக்கொண்டே மறுமுனையைக் கத்தரிக்கக் கத்தரிக்க ஒலி கூர்மையாகும். நாதசுரத்தின் துளைகளைத் திறப்பதும் இதுபோலத்தான். ஊதுபவரின் மூச்சு ஒன்றே. குழாயின் நீளம் மாறும்போது சுரம் மாறுகிறது.

எஞ்சினில் வெளியேற்ற வால்வு திறந்ததும் உயர் அழுத்த வாயு ஓர் அலையாகக் குழாயில் பாய்கிறது. காற்றில் 0 டிகிரி செல்சியஸில் ஒலியின் திசைவேகம் வினாடிக்கு 331 மீட்டர். அது தனி வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம் என்பதால், 400 டிகிரியில் 331 × √(673/273), ஏறத்தாழ 520 மீட்டர். குழாயின் திறந்த முனையை அடைந்த அழுத்த அலை, அழுத்தம் குறைந்த அலையாகத் திரும்பி வருகிறது. வால்வு மூடும் முன் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிஞ்சிய புகையை இழுத்து வெளியேற்ற உதவும். பிந்தினால் அந்த உதவி கிடைக்காது.

வடிவமைப்பாளர் குழாயின் நீளத்தைத் தீர்மானிப்பது இதற்காகவே. பந்தய வண்டிகளில் குழாயை மாற்றும்போது அதற்கேற்பக் கார்புரேட்டரையும் சரிசெய்கிறார்கள். சைலன்சரை மட்டும் கழற்றினால் சத்தம் நிச்சயம் கூடும். இழுவிசை கூடும் என்பதற்கு உறுதியில்லை, சில வேகங்களில் குறையவும் செய்யும். சத்தம் என்பது சக்தியின் அளவு அன்று. இந்தப் பாடத்தில் மாணவர் மனத்தில் பதிய வேண்டிய கருத்து இதுவே.

செயல்பாடு 3: ஒலியைக் குறைக்கும் மூன்று வழிகள்

முதல் வழி, அறை. குறுகிய குழாய் திடீரென அகன்ற அறைக்குள் திறந்தால், அலையின் ஒரு பகுதி வந்த வழியே எதிரொலிக்கிறது. வெளியே செல்லும் ஒலி குறைகிறது. சைலன்சருக்குள் உள்ள தடுப்புத் தகடுகள் இத்தகைய அறைகளை உருவாக்குகின்றன.

இரண்டாம் வழி, குடம். நம் ஊர் வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் அடிக்கும்போது எழும் ஆழ்ந்த ஒலி, உள்ளே அடைபட்ட காற்றின் ஒத்ததிர்வு. பாட்டிலின் வாயில் ஊதி, தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, சுரம் உயர்வதைக் காட்டுங்கள். புகைக்குழாயின் பக்கவாட்டில் இப்படியொரு ‘குடத்தை’ இணைத்தால், அதற்கே உரிய அதிர்வெண்ணை அது எதிரலையால் தடுத்துவிடும். மற்ற அதிர்வெண்கள் பெரும்பாலும் தப்பிச் செல்லும். காரில் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் எழும் இரைச்சலை அடக்க இம்முறை பயன்படுகிறது.

மூன்றாம் வழி, தும்பு. அட்டைக் குழாயில் நிறையத் துளையிட்டு, சுற்றிலும் தென்னந்தும்பைப் பொதிந்து, அகலமான பி.வி.சி. குழாய்க்குள் நுழையுங்கள். ஒரு முனையில் கைப்பேசியை வைத்துக் கூர்மையான ஒலியையும் தாழ்ந்த ஒலியையும் மாறி மாறி ஒலிக்கச் செய்யுங்கள். கூர்மையான ஒலி அதிகம் குறையும். தாழ்ந்த ஒலி பெரும்பாலும் அப்படியே வரும். தும்புக்குப் பதில் கண்ணாடி இழை பொதிந்த நேர்வழி சைலன்சர்கள் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பரவலாக இருந்தன. கீச்சொலி அடங்கி ஆழ்ந்த உறுமல் மட்டும் வெளிவருவதற்கு இது ஒரு காரணம்.

எச்சரிக்கை: இச்செயல்பாடுகளுக்கு ஓடும் வண்டி தேவையில்லை. புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. சைலன்சர் தோலைச் சுட்டுவிடும்.

செயல்பாடு 4: டெசிபல் கணக்கு

டெசிபல் மடக்கை அளவு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் திறன் பத்து மடங்காகும். 175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்குத் தயாரிப்பு நிலையில் விதிக்கப்பட்ட வரம்பு 80 டெசிபல். மாற்றிய சைலன்சருடன் ஒரு வண்டி அதே அளவீட்டில் 90 காட்டினால், அந்த ஒரு வண்டி பத்து வண்டிகளின் ஒலியை எழுப்புகிறது என்று பொருள். 85 டெசிபலை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பதும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பதும் பணியிடப் பாதுகாப்பில் பின்பற்றப்படும் ஓர் அளவுகோல். 88இல் 4 மணி, 91இல் 2 மணி எனத் தொடர்ந்தால் 100இல் 15 நிமிடம்தான். இது பெருக்குத் தொடர்வரிசைக்கு நல்ல எடுத்துக்காட்டு. செவியின் உட்பகுதியில் உள்ள மயிரிழைச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை என்பதையும் இங்கே சொல்லலாம். வண்டிக்கு மிக அருகில் இருப்பது அதை ஓட்டுபவரின் செவிதான்.

சட்டம் சொல்வது

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 120ஆவது விதிப்படி ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் சைலன்சர் கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, ஒலி வரம்பை மீறி ஓட்டுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் பறிபோகும். 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் செய்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வாகன உரிமையாளரோ பொறுப்பாவர். அபராதம் 25,000 ரூபாய். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி பள்ளியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்க இடமுண்டு. அங்கே பகல் வரம்பு 50 டெசிபல். பெற்றோர் கூட்டத்திலும் இவற்றை எடுத்துச் சொல்வது நல்லது.

மதிப்பீடு

1. ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடுகிறது. வினாடிக்கு எத்தனை வெடிப்புகள்? (விடை: 100)
2. குடத்தில் பாதியளவு தண்ணீர் ஊற்றினால் அதன் ஒலி உயருமா, தாழுமா? ஏன்?
3. “சத்தம் கூடினால் சக்தி கூடும்.” இக்கூற்றைச் சோதிக்க ஒரு செயல்முறையைத் திட்டமிடுக.

மூன்றாம் வினாவை வீட்டுப்பாடமாகக் கொடுத்து, மறுநாள் வகுப்பில் விவாதிக்கச் செய்யுங்கள். வண்டிகளில் ஆர்வமுள்ள மாணவர்களே அன்று அதிகம் பேசுவார்கள், அவர்கள் பேசட்டும். தங்கள் வாயால் சொல்லி, தங்கள் கணக்கால் நிறுவிய முடிவைப் பள்ளி வாசலைத் தாண்டியும் அவர்கள் எடுத்துச் செல்வார்கள்.