கதவருகுச் சன்னலுக்கு எந்தக் கண்ணாடி?

வீட்டுக் கடனின் கடைசித் தவணையை விடுவிக்கும் முன் கட்டடத்தைப் பார்வையிடுவது எங்கள் பணிகளுள் ஒன்று. பூச்சு முடிந்து, தரை ஓடு பதித்து, கதவு சன்னல்கள் பொருத்தும் கட்டம் அது. கையிருப்பு ஏறத்தாழக் கரைந்திருக்கும். சிக்கனம் பார்க்கலாம் என்று தோன்றும் பொருள்களுள் கண்ணாடியும் ஒன்று. அண்மையில் பார்வையிட்ட ஒரு வீட்டில், தலைவாசல் நிலையை ஒட்டித் தரையிலிருந்து ஏழடி உயரத்திற்குக் கண்ணாடி பதித்திருந்தார்கள். 5 மி.மீ. தடிப்புள்ள சாதாரணக் கண்ணாடி. மதிப்பீட்டுப் பட்டியலிலோ ‘கண்ணாடி’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. எவ்வகை என்ற குறிப்பு இல்லை. “நல்ல கம்பெனிக் கண்ணாடிதான், சார்” என்றார் வீட்டுக்காரர். கம்பெனியில் எனக்கு ஐயமில்லை. அந்தக் கண்ணாடி நின்ற இடந்தான் உறுத்தியது.

வீட்டின் மற்றச் சுவர்களைக் காட்டிலும் கதவின் அருகே மனித உடல் மிகுதியாக இயங்குகிறது. தள்ளுகிறோம், இழுக்கிறோம், படியில் இடறுகிறோம், மழை நாளில் ஈரக் காலுடன் வழுக்குகிறோம். கதவைத் தள்ள நீட்டிய கை சற்றே இடம் தவறினாலும் பக்கத்துக் கண்ணாடியில்தான் விழும். பளிச்சென்று துடைத்த நெடிய கண்ணாடியைத் திறந்த வழி என்று எண்ணி மோதுவோரும் உண்டு; குழந்தைகளோ நடந்து வருவதில்லை, ஓடியே வருகிறார்கள். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற நீண்ட சில்லுகளாகப் பிளக்கும். அவற்றுள் சில சட்டத்திலேயே நிற்கும். உள்ளே போன கையை அச்சத்தில் வெடுக்கென்று இழுக்கும்போது காயம் இன்னும் ஆழமாகிறது. மணிக்கட்டில் தமனியும் தசைநாண்களும் தோலுக்கு மிக அருகில் உள்ளன என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்த ஆபத்தை அளவுகளாகவே வகுத்துச் சொல்கின்றன சில நாட்டு விதிகள். அமெரிக்காவின் பல மாநிலங்கள் தழுவிக்கொண்டுள்ள வீட்டுக் கட்டட மாதிரி விதித்தொகுப்பின்படி, மூடிய கதவின் விளிம்பிலிருந்து 24 அங்குலத்திற்குள் கண்ணாடியின் அருகு விளிம்பு அமைந்து, அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 60 அங்குலத்திற்குக் குறைவாக இருந்தால், அங்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். கதவிற்கும் கண்ணாடிக்கும் இடையே சுவரோ நிலையான தடுப்போ இருந்தால் விலக்கு உண்டு. மூன்றடிக்கு மேல் ஆழமில்லாத அலமாரி அறையின் கதவுக்கும் அவ்வாறே. இங்கிலாந்தில் கதவின் இருபுறமும் 300 மி.மீ. தொலைவும், தரையிலிருந்து 1500 மி.மீ. உயரமும் கணக்கில் வருகின்றன. எண்கள் வேறுபட்டாலும் இரண்டும் பார்ப்பது கை எட்டும் தொலைவையும் தோள் உயரத்தையுமே.

நம் நாட்டிலும் வழிகாட்டல் இல்லாமல் இல்லை. கட்டடங்களில் கண்ணாடியைப் பயன்படுத்துவதற்கான ஐ.எஸ். 16231 என்னும் இந்தியத் தர நெறிமுறையின் நான்காம் பகுதி, மனிதர் மோதுவதால் விளையும் ஆபத்தைப் பற்றியது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் கண்ணாடிக்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஆயினும் அத்தொகுப்பு உள்ளூர் விதிகளில் சேர்க்கப்பட்டால்தான் கட்டாயமாகும். தாமே மேற்பார்வை செய்து கட்டும் தனி வீட்டில் இதைக் கேட்பார் எவருமில்லை. அளவு நாடாவை வீட்டுக்காரரே கையில் எடுக்க வேண்டியதுதான். தலைவாசலோடு நிற்காமல், பால்கனியின் நகரும் கதவையும் அதையொட்டிய நிலைக்கண்ணாடியையும், குளியலறை வாயிலையும் பாருங்கள். “கிரில் இருக்கிறதே” என்பார்கள். கிரில் உடல் மோதுவதைத் தடுக்கும். நான்கு அங்குல இடைவெளியில் குழந்தையின் கை நுழைவதைத் தடுக்காது.

பாதுகாப்புக் கண்ணாடி என்பதில் கடைக்காரர் இருவகை காட்டுவார். ஒன்று டஃபன்டு கண்ணாடி: 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சி விரைந்து குளிர்விக்கப்படுவது. சாதாரணக் கண்ணாடியைவிடச் சுமார் நான்கு மடங்கு வலியது. உடைந்தாலும் கற்கண்டு போலச் சிறு துண்டுகளாக உதிரும். மற்றொன்று லேமினேட்டட் கண்ணாடி: இரு தகடுகளுக்கு இடையே பி.வி.பி. என்னும் நெகிழ்படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் துண்டுகள் படலத்திலேயே ஒட்டி நிற்கும். தரைத்தளத்து வாசலுக்கு இரண்டும் ஏற்றவை. மாடியில், கண்ணாடி உதிர்ந்தால் ஆள் வெளியே விழக்கூடிய இடத்தில், நான் இரண்டாவதையே சொல்வேன். தடிப்பைக் கூட்டினால் போதும் என்பது தவறான கணக்கு: 8 மி.மீ. சாதாரணக் கண்ணாடியும் கத்தியாகவே உடையும்.

டஃபன்டு கண்ணாடியில் ஒரு கண்டிப்பு உண்டு. பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ இயலாது. முயன்றால் முழுத் தகடும் நொறுங்கிவிடும். ஆகவே சட்டம் பொருத்திய பின் சரியாக அளந்து, கைப்பிடித் துளை வரை குறித்துக் கொடுத்தே செய்விக்க வேண்டும். ஆணை கொடுத்த பின் சில நாள் காத்திருக்கவும் நேரும். மதிப்பீட்டுப் பட்டியலில் வகை, தடிப்பு, ஐ.எஸ். 2553 முதற்பகுதிக்கான ஐ.எஸ்.ஐ. முத்திரை ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள். கண்ணாடி வந்ததும் அதன் மூலையில் அழியாதபடி பொறித்த முத்திரையைத் தேடுங்கள். ஒட்டுத்தாளை மட்டும் நம்ப வேண்டாம்.

நான் பார்த்த வீட்டில் அந்தச் சாதாரணக் கண்ணாடி வீணாகவில்லை. அதைக் கழற்றி, மாடிப்படிக்கு மேலே கை எட்டாத உயரத்தில் இருந்த சாளரங்களுக்கு அளவாக வெட்டிப் பொருத்திக்கொண்டார்கள். வாசலுக்கான டஃபன்டு கண்ணாடி பத்து நாளில் வந்து சேர்ந்தது. அதன் மூலையில் இருந்த முத்திரையை வீட்டுக்காரர் கைப்பேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்.