முன்னோரும் இனப்பெயரும்: உஸ்பெக் இலக்கிய மரபில் அலிஷேர் நவாயியின் இடம்

உஸ்பெக் மக்கள் தம் இலக்கிய மொழியின் தந்தையெனப் போற்றும் அலிஷேர் நவாயி (1441–1501) உஸ்பெக் ஆட்சியின்கீழ் ஒரு நாளும் வாழ்ந்தவரல்லர். அவர் பிறந்து மறைந்த ஹெராத் நகரம் இன்று ஆப்கானிஸ்தானில் உள்ளது. தாம் எழுதிய மொழியை அவர் பெரிதும் ‘துர்க்கி’ என்றே குறித்தார். அவ்வாறாயின் எந்த அடிப்படையில் அவர் உஸ்பெக் புலவர் ஆகிறார் என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு இனம், நிலம், மொழி என்னும் மூன்று அளவைகளால் விடை கூறப்பட்டு வந்துள்ளது. இவற்றுள் மொழி ஒன்றே தாங்கும் வலிமையுடையது என்பதையும், அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இனப்பெயரும் பகைமையும்

‘உஸ்பெக்’ என்னும் பெயரைப் பொன்னணி நாட்டை ஆண்ட உஸ்பெக் கானுடன் (ஆட்சி 1313–1341) இணைத்துக் காண்பது பெருவழக்கு. இதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 15ஆம் நூற்றாண்டில் இப்பெயர் வடபுல்வெளிகளில் அபுல் கைர் கானின் தலைமையில் திரண்ட நாடோடிக் குடிகளைச் சுட்டியது. அவருடைய பேரன் முகம்மது ஷைபானி கான் அக்குடிகளுடன் தெற்கே இறங்கித் தைமூர் மரபினரிடமிருந்து சமர்கண்டையும், 1507இல் ஹெராத்தையும் கைப்பற்றினார். நவாயி இறந்து ஆறு ஆண்டுகளே கழிந்திருந்தன.

இப்படையெடுப்பின் கடுமையைத் தன் வாழ்வில் நேரே பட்டறிந்தவர் பாபர். ஆந்திஜானில் 1483இல் பிறந்த அவர் 1501இல் ஷைபானி கானிடம் தோற்றுச் சமர்கண்டை இழந்தார். அவருடைய தமக்கை கான்சாதா பேகம் வெற்றியாளருக்கு மனைவியானார். ‘பாபர் நாமா’வில் உஸ்பெக்குகள் பகைவராகவே வருகின்றனர். இன்றோ பாபரும் அவரை நாட்டைவிட்டு அகற்றியோரும் ஒரே மக்களின் முன்னோராக எண்ணப்படுகின்றனர். தைமூர் நிலையும் இதுவே. தாஷ்கண்டு நகரின் நடுவே மார்க்சின் சிலை நின்ற இடத்தில் 1993 முதல் தைமூரின் சிலை நிற்கிறது. அவருடைய அரச மரபை முடித்துவைத்தவர்களோ பழைய உஸ்பெக்குகளே. எனவே இன வழியை அளவையாகக் கொண்டால் மரபின் பெரும்பகுதி கைநழுவிவிடுகிறது.

நிலத்தை அளவையாகக் கொள்வதும் முழுமையான விடை தருவதில்லை. புகாராவை அடுத்த அஃப்ஷானாவில் பிறந்த இப்னு சீனாவும், குவாரசமின் அல்-பிரூனியும் இவ்வளவையால் உள்ளே வருவர். ஆனால் அவர்கள் பெரும்பாலும் அரபியில் எழுதியவர்கள். ஹெராத்தின் நவாயியோ வெளியே நின்றுவிடுவார்.

இரு மொழிகளின் வழக்கு

நவாயி 1499இல் இயற்றிய ‘முஹாகமத்துல் லுகதைன்’ என்னும் உரைநடை நூலின் பெயர், இரு மொழிகளை வழக்காடு மன்றத்தில் நிறுத்தித் தீர்ப்புக் கூறுதல் என்னும் பொருளது. ஒருபுறம் பாரசீகம், மறுபுறம் துர்க்கி. அன்றைய ஹெராத்தில் கவிதை என்றால் பாரசீகம். நவாயியே ‘ஃபானி’ என்னும் புனைபெயரில் பாரசீகத்தில் பாடியவர். பாரசீகப் பெரும்புலவர் ஜாமியின் நண்பர், மாணவர். ஆகவே இந்நூல் பாரசீகம் அறியாதவரின் காழ்ப்பன்று. துர்க்கியில் ஐந்து பெருங்காப்பியங்களை 1483க்கும் 1485க்கும் இடையில் பாடி முடித்தபின் அவர் எழுப்பிய வாதம் அது.

வாதத்தின் சுவை சான்றுகளில் உள்ளது. துர்க்கியின் நூறு வினைச்சொற்களை அடுக்கி, அவற்றுக்கு ஈடான தனிச்சொல் பாரசீகத்தில் உண்டா என வினவுகிறார். அழுகைக்கு மட்டும் பல சொற்கள்: கண்ணீர் சிந்தி அழுதல் ‘யிக்லமாக்’, நோவால் முனகுதல் ‘இங்கரமாக்’, குரலெழுப்பிக் கதறுதல் ‘உகுர்மாக்’ என ஒவ்வொன்றும் வேறு நிலை. உறவுப்பெயர்களிலும் இவ்வாறே. மூத்த ஆண் உடன்பிறப்பு ‘ஆகா’, இளையவர் ‘இனி’. மூத்த பெண் ‘எகச்சி’, இளையவள் ‘சிங்கில்’. பாரசீகத்திலோ மூப்பு இளமை பாராது ‘பிராதர்’, ‘குவாஹர்’ என இரண்டே சொற்கள். அண்ணன், தம்பி, அக்காள், தங்கை எனப் பகுத்து வழங்கும் தமிழறிந்தார்க்கு இச்சான்றின் ஆற்றல் விளக்கமின்றியே புலப்படும்.

எனினும் இதனை நடுநிலை மொழியியல் எனக் கொள்வதற்கில்லை. பாரசீகம் கூட்டுவினைகளால் நுண்பொருள்களை உணர்த்தவல்லது என்பதை நவாயி கணக்கில் எடுப்பதில்லை. துர்க்கி, பாரசீகம், இந்தி ஆகியவற்றை நோவாவின் மூன்று மைந்தர் வழியினவாகப் பகுத்து, அரபியை அனைத்துக்கும் மேலே வைத்துவிடுகிறார். துர்க்கிக்காக வாதிடும் இந்நூலின் தலைப்பே அரபி. நடையிலும் அரபி, பாரசீகச் சொற்கள் மலிந்துள்ளன. ஆனால் நூலின் உண்மையான இலக்கு பாரசீகரல்லர். எளிதென்று கருதித் தாய்மொழியை விடுத்துப் பாரசீகத்தில் பாடும் துர்க்கி இளம்புலவர்களே அது. அவர்களை நோக்கிய இடித்துரையாகப் படிக்கும்போது நூலின் மிகைகளுக்கும் காரணம் விளங்குகிறது.

நவாயியை ஆந்திஜான் நிலத்தோடு இணைக்கும் சான்றைத் தருபவர் பாபரே. நவாயி ஹெராத்தில் வளர்ந்தவராயினும் அவருடைய நூல்கள் ஆந்திஜான் மக்களின் பேச்சோடு ஒத்தவை என ‘பாபர் நாமா’ குறிப்பிடுகிறது. பகைவனான ஷைபானி கானும் அதே மொழியில் கவிதை பாடியவன். போரில் எதிரெதிரே நின்றோர் இலக்கிய மொழியில் ஒன்றுபட்டிருந்தனர். இனமும் நிலமும் கைவிட்ட இடத்தில் மொழி விடை தருவது இங்குத்தான். அம்மொழி கடந்த தொலைவும் பெரிது: பாபரின் துர்க்கிக் கவிதைகள் அடங்கிய, அவர் கையெழுத்துடைய சுவடி ஒன்று இராம்பூர் இரசா நூலகத்தில் உள்ளது.

‘சகதாய்’ முதல் ‘பழைய உஸ்பெக்’ வரை

இம்மொழியைப் பிற்கால அறிஞர் ‘சகதாய்’ என்றனர். புரட்சிக்குப் பின் தாஷ்கண்டில் அப்துர்ரவூஃப் ஃபித்ரத் தொடங்கிய இலக்கியக் குழுவின் பெயரும் ‘சகதாய் குருங்கி’ என்பதே. 1924இல் உஸ்பெக் சோவியத் குடியரசு வரையறுக்கப்பட்டபின், நகர மக்களையும் நாடோடிக் குடிவழியினரையும் ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவர வேண்டியிருந்தது. ‘சகதாய்’ நாளடைவில் ‘பழைய உஸ்பெக்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஃபித்ரத், கவிஞர் சோல்பான், முதல் உஸ்பெக் நாவலாகக் கருதப்படும் ‘கடந்த நாட்கள்’ படைத்த அப்துல்லா காதிரி ஆகிய மூவரும் 1938 அக்டோபர் 4 அன்று கொல்லப்பட்டனர். மரபைத் தேடிய அறிஞரை அழித்த அதே அரசு, நவாயியின் 500ஆம் ஆண்டு விழாவுக்கு ஆயத்தம் செய்தது. போர் குறுக்கிட்டது, முற்றுகையில் பட்டினி கிடந்த லெனின்கிராடில் எர்மித்தாஷ் அருங்காட்சியகம் 1941 டிசம்பரில் அவ்விழாவை நடத்தியது. தாஷ்கண்டின் பெருவிழா 1948இல்தான் நிகழ்ந்தது.

‘பழைய உஸ்பெக்’ என்னும் பெயர் ஓர் உண்மையைச் சொல்லி மற்றொன்றை மறைக்கிறது என்றே கொள்ள வேண்டும். இன்றைய உஸ்பெக் அம்மொழியின் நேரிய வாரிசு என்பது உண்மை. ஆனால் உய்குர் மக்களும் அதே உறவுடையவர்கள்; துர்க்மேனியரும் நவாயியைத் தம் மரபில் வைத்துக் கற்கின்றனர். வாரிசுரிமை பலர்க்குப் பொதுவாயிருக்கையில் பெயரை மட்டும் ஒருவர்க்கு எழுதிவைப்பது வரலாற்று ஆய்வுக்குப் பொருந்தாது.

உரிமை கொண்டாடுவதற்கும் கற்பதற்கும் இடையே வளர்ந்த தொலைவும் கருதத்தக்கது. அரபி எழுத்திலிருந்து 1920களின் இறுதியில் இலத்தீனுக்கும், 1940இல் சிரில்லிக்குக்கும், 1993இன் சட்டப்படி மீண்டும் இலத்தீனுக்கும் உஸ்பெக் மாறியது. 1934இன் எழுத்துமுறை, உயிரொலி இயைபைக் காட்டும் எழுத்துகளை நீக்கியது. இதனால் நவாயியின் பாடல்கள் இன்று உரைநடை விளக்கத்துடன் சேர்த்தே பலபோதும் அச்சிடப்படுகின்றன. அவர் எடுத்துக்காட்டிய அழுகைச் சொற்களுள் ‘யிக்லமாக்’, ‘இங்கரமாக்’ இரண்டும் உஸ்பெக் பேச்சில் இன்றும் வழங்குகின்றன. அந்நூறு வினைகளுள் வேறு பல சொல்லடைவின் துணையின்றி விளங்குவதில்லை.