முதலில் ஒயரைப் பிடுங்கு, பிறகு மவுன்ட் பண்ணு

தங்கச்சி, அறந்தாங்கியில் நீ வேலைக்குச் சேர்ந்திருக்கிற ஆஸ்பத்திரியில் இரண்டு சர்வர், இரண்டுக்கும் பொதுவாக ஒரு டிஸ்க் பெட்டி, கிளஸ்டர் சாஃப்ட்வேர் எதுவும் கிடையாது என்று கேட்டதும் உனக்குப் பயம் வந்துவிட்டது. பயப்படாதே. சின்ன இடத்துக்கு இது நல்ல அமைப்புதான். ஒரு சர்வர் விழுந்தால் கிளஸ்டர் சாஃப்ட்வேர் தானாகச் செய்கிற வேலையை ஒரு ஆள் கையால் செய்ய வேண்டும். சர்வர் ரூம் இருக்கிற மாடிக்கு ஓடிப்போய்க் கண்ணால் பார்க்க உன்னால் முடியும். சாஃப்ட்வேருக்கு அது முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்றுதான்: ஒரே டிஸ்க்கை இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் மவுன்ட் பண்ணக் கூடாது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்கள், டிஸ்க் தன் ஒருவனுக்கே சொந்தம் என்று நம்பி எழுதுபவை. எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பியது என்பதை ஒவ்வொரு சர்வரும் தன் மெமரியில் வைத்திருக்கும். ஒரே கணக்கு நோட்டில் இரண்டு பேர், மற்றவர் எழுதியதைப் பார்க்காமலே எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் டிஸ்க்கிலும் ஆகும். உடனே எந்த எர்ரரும் வராது. நோயாளி பதிவு குழம்பிய பிறகுதான் தெரியும். ‘படிக்க மட்டும்தானே’ என்று ரீட்-ஒன்லியாக மவுன்ட் பண்ணுவதும் ஆபத்து. சரியாக மூடப்படாத டிஸ்க்கில் அப்போதும் ஜர்னலை ஓட்டி எழுதிவிடும். எக்ஸ்ட்4-ல் எம்எம்பி என்ற பாதுகாப்பு உண்டு. வேறு சர்வர் பயன்படுத்துகிற டிஸ்க் என்றால் மவுன்ட் பண்ண மறுக்கும். அதை ஆன் பண்ணி வை, ஆனால் அதை மட்டும் நம்பாதே.

பிங் பதில் சொல்லவில்லை என்பதால் சர்வர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நெட்வொர்க் சுவிட்ச் தொங்கியிருக்கலாம். சர்வர் உள்ளே இன்னும் எழுதிக்கொண்டே இருக்கலாம். அதனால் நேரில் போய் பவர் ஒயரைப் பிடுங்கு. பின்னால் இரண்டு பவர் சப்ளை இருக்கும், இரண்டையும் பிடுங்கு. ராத்திரி வீட்டிலிருந்து செய்ய வேண்டியிருந்தால் ஐடிராக், ஐலோ மாதிரியான ரிமோட் கார்டு வழியாக பவரை நிறுத்தி, ‘ஆஃப்’ என்று அதுவே காட்டுகிறதா என்று பார். காட்டவில்லை என்றால் மவுன்ட் பண்ணாதே, கிளம்பிப் போ. கவுன்டரில் அரை மணி நேரம் கையால் பில் எழுதட்டும், பரவாயில்லை.

நம்ம மாவட்டத்தில் பெரிய எதிரி கரண்ட். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கிற அந்த மாதிரி நாளை நினைத்துப் பார். நீ இரண்டாவது சர்வருக்கு மாற்றிவிட்டாய். கரண்ட் போய் வந்ததும் பழைய சர்வர் தானாக எழுந்து, தானாக டிஸ்க்கை மவுன்ட் பண்ணி, டேட்டாபேஸையும் ஸ்டார்ட் பண்ணிவிடும். இதைத் தடுக்கத்தான் ஒயரைப் பிடுங்கியே வைக்கச் சொல்கிறேன். அதோடு பயாஸில் ‘கரண்ட் வந்தாலும் ஆஃபாகவே இரு’ என்று மாற்று. எஃப்எஸ்டேபில் அந்த டிஸ்க்குக்கு ‘நோஆட்டோ’ போடு. டேட்டாபேஸ் தானாக ஸ்டார்ட் ஆவதை இரண்டு சர்வரிலும் நிறுத்து. கரண்ட் வரும்போது முதலில் டிஸ்க் பெட்டி, அது முழுக்கத் தயாரான பிறகுதான் சர்வர். நிறுத்தும்போது சர்வர் முதலில், பெட்டி கடைசியில்.

மாற்றுகிற வேலை சின்னதுதான். டிஸ்க்கை யுயுஐடி பார்த்து மவுன்ட் பண்ணு. எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் ரீபூட்டில் மாறலாம். பிறகு டேட்டாபேஸை ஸ்டார்ட் பண்ணு. அது விட்ட இடத்திலிருந்து தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் எடுக்கும். பொறுமையில்லாமல் நடுவில் கில் பண்ணாதே, லாக் ஃபைல்களை அழிக்காதே. லாகைப் படித்து நிம்மதியான பிறகு பழைய சர்வரின் ஐபி முகவரியை இங்கே கொண்டு வா. கவுன்டர் கம்ப்யூட்டர்கள் இன்னும் பழைய சர்வரையே தேடினால், ஆர்பிங் கட்டளையால் புது இடத்தை அறிவித்துவிடு.

இரண்டு சர்வரிலும் டேட்டாபேஸ் வெர்ஷன், யூசர் ஐடி எண்கள் ஒன்றாக இருக்கட்டும். கிரான் வேலைகள், டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஓட வேண்டும்.

பொதுப் பெட்டியே போய்விட்டால் இரண்டு சர்வரும் வெறும் இரும்பு. ரெய்டு இருக்கிறது என்று சமாதானம் ஆகாதே. தப்பாக அழித்ததை ரெய்டு திருப்பித் தராது. தினசரி பேக்கப் வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில் இருக்க வேண்டும்.

ஒத்திகைக்கு ஒரு யோசனை. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் தேதியை முன்கூட்டியே பேப்பரில் போடும். அதற்கு முந்தின ராத்திரி, கூட்டம் குறைந்த நேரத்தில், டேட்டாபேஸை முறையாக நிறுத்தி, அன்மவுன்ட் பண்ணி, அடுத்த சர்வருக்கு மாற்று. அடுத்த ஒத்திகை வரை அதிலேயே ஓடட்டும்.

எல்லாப் படிகளையும் பிரின்ட் எடுத்து சர்வர் ரேக் கதவில் ஒட்டு. சர்வர் விழுந்த அன்று சர்வரிலிருக்கிற ஃபைலைத் திறக்க முடியாது. இப்போது எந்த சர்வரில் ஓடுகிறது, யார் எப்போது மாற்றினார்கள் என்பதையும் அதன் கீழே பேனாவால் எழுதி வை. பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாதே. அது ஒட்டிய கவரில் மேனேஜர் பீரோவில் இருக்கட்டும்.