வீரப்பன் காலத்தை நம்ம வீட்டிலிருந்தே எழுதலாம்: அக்கா சொல்ற டிப்ஸ்

இண்டூர்ப் பக்கத்துத் தம்பி தங்கைகளுக்கு அக்கா எழுதறது. வீரப்பனைப் பத்தி சினிமா வந்தாச்சு, சீரிஸ் வந்தாச்சு, தேடுதல் வேட்டையை முடிச்சுவெச்ச விஜயகுமார் ஐ.பி.எஸ்ஸும் 2017-ல புத்தகம் போட்டுட்டார். சத்தியமங்கலம் காட்டுச் சோளகர்கள் பட்ட பாட்டை ச. பாலமுருகன் ‘சோளகர் தொட்டி’ நாவல்ல எழுதினார். நம்ம பக்கத்துக் குடும்பங்க என்ன பார்த்துச்சு, என்ன பட்டுச்சுன்னு நாமதான் எழுதணும். 2004 அக்டோபர் 18 ராத்திரி வீரப்பனை ஏத்திக்கிட்டு வந்த ஆம்புலன்ஸ் வேன் நின்னது பாப்பாரப்பட்டிக்கிட்ட பாடிங்கிற ஊர்ல. வீரப்பன், சேத்துக்குளி கோவிந்தன், சந்திர கௌடா, சேதுமணின்னு நாலு பேர் உடம்பும் வந்தது தருமபுரி ஆஸ்பத்திரிக்கு. அன்னிக்கு முப்பது வயசுல இருந்தவங்களுக்கு இப்ப ஐம்பது தாண்டியாச்சு. அன்னிக்கே அறுபதுல இருந்தவங்க எத்தனை பேர் மிச்சம்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

பெரியவங்ககிட்ட போன உடனே “வீரப்பனைப் பார்த்திருக்கியா பாட்டி?”ன்னு கேட்டுடாதீங்க. அந்தப் பேரைச் சொன்னதுக்கே அடி வாங்கின ஆட்கள் இருக்காங்க, வாய் மூடிக்கும். ஆடு எங்க மேய்ச்சீங்க, விறகுக்கு எந்தப் பக்கம் போனீங்க, காட்டு வேலைக்குச் சோறு கட்டிக்கிட்டுப் போக விட்டாங்களா, ராத்திரி யாராவது கதவைத் தட்டினா யாரு எந்திரிச்சுப் போவாங்க, இப்படிக் கேளுங்க. புளி தட்டற திண்ணையில, கடலைக்காய் உரிக்கிற இடத்துல கூட உட்கார்ந்து ரெண்டு கை வேலை செய்யுங்க. நாலு பொம்பளைங்க சேர்ந்த இடத்துல ஒருத்தி விட்டதை இன்னொருத்தி எடுத்துக் கொடுப்பா. போன்ல ரெக்கார்ட் பண்றதுன்னா கேட்டுட்டுப் பண்ணுங்க. அந்த ஆடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் போட்டுடாதீங்க.

வருஷம் யாருக்கும் நினைவிருக்காது, அதுக்கு முளை அடிச்சுக்கணும். பாலாறுல வீரப்பன் ஆட்கள் கண்ணிவெடி வெச்சது 1993 ஏப்ரல் 9. கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தினது 2000 ஜூலை 30, விட்டது 108 நாள் கழிச்சு. “ராஜ்குமாரைப் பிடிச்சு வெச்சிருந்தப்ப சின்னவன் பொறந்துட்டானா?”ன்னு கேட்டா பட்டுன்னு பதில் வரும். இன்னொண்ணு, சொல்றவங்க நேர்ல பார்த்தாங்களா, கேள்விப்பட்டாங்களான்னு ஒவ்வொரு தகவல் பக்கத்துலயும் குறிங்க. பாடியில நடந்ததுக்கு போலீஸ் ஒரு கதை சொல்லுது, ஊர் நாலு கதை சொல்லுது. எல்லாத்தையும் எழுதுங்க, யார் சொன்னதுன்னும் எழுதுங்க. கலந்து ஒரே கதையாக்கிட்டா அப்புறம் எதையும் சரிபார்க்க முடியாது.

அடுத்தது டிரங்குப் பெட்டி. இதைத்தான் நான் ரொம்ப வலியுறுத்துவேன். பழைய சம்மன், ஜாமீன் பேப்பர், மடிச்சு மடிச்சுக் கிழிஞ்ச எஃப்.ஐ.ஆர். நகல் எது கிடைச்சாலும் முதல்ல போட்டோ எடுங்க. அப்புறம் அதுல மூணு விஷயம் தேடுங்க: எந்த ஸ்டேஷன், குற்ற எண், கோர்ட் வழக்கு எண். குற்ற எண்ணுக்குப் பின்னாடி ஒரு கோடு போட்டு 92, 93-ன்னு வருஷம் இருக்கும். அந்த ஒரு வரி கையில இருந்தா கோர்ட் நகல் பிரிவுல மனு போடலாம். வழக்குல சம்பந்தப்படாதவங்க கேட்டா, எதுக்குன்னு காரணம் எழுதி அஃபிடவிட் வைக்கணும். ஸ்டேஷன் விவரத்துக்கு 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. தமிழ்லயே எழுதலாம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், 30 நாள்ல பதில் வரணும். “எல்லா விவரமும் தருக”ன்னு எழுதாதீங்க. எண், வருஷம், ஸ்டேஷன் மூணையும் குறிப்பிட்டுக் கேளுங்க. பழைய கட்டுகளைக் காலக்கெடு முடிஞ்சதும் அழிச்சுடுவாங்க, அதனால தள்ளிப்போடாதீங்க.

காக்கிச் சட்டை வீட்டுக்கும் போங்க. காட்டிலாகா வாட்சர், வீரப்பனைத் தேடின அதிரடிப்படையில இருந்த கான்ஸ்டபிள், அவங்க வீட்டம்மா எல்லார்கிட்டயும் பேசுங்க. ஸ்ரீனிவாஸ்னு ஒரு ஐ.எஃப்.எஸ். அதிகாரி, வீரப்பன் பொறந்த கோபிநத்தத்துலயே ஜனங்களுக்கு மருத்துவ வசதி பண்ணி, மாரியம்மன் கோவில் கட்டிக் கொடுத்தவர். 1991 நவம்பர் 10-ல வீரப்பன் அவரைக் கொன்னான். அந்த ஊர்ல இன்னிக்கும் அவரை மறக்கலை. பாலாறுல செத்த 22 பேர்ல போலீஸ் மட்டுமா இருந்தாங்க? தகவல் சொல்லக் கூட்டிட்டுப் போன ஊர்க்காரங்களும்தான். எந்தப் பக்கம் செத்தாலும் நம்ம வீட்டு ஆள்தான். இது புரியாம எழுதினா ஹீரோ-வில்லன் கதைதான் மிஞ்சும்.

அதிரடிப்படை மேல வந்த புகார்களை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் 1999-ல நீதிபதி சதாசிவா தலைமையில குழு போட்டுச்சு. 2007-ல ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொல்லுச்சு. மாதேஸ்வரன் மலை ‘ஒர்க்‌ஷாப்’னு யாராவது குரலைத் தாழ்த்திச் சொன்னா, அது அதிரடிப்படை ஆட்களை வெச்சு விசாரிச்ச இடம். அங்க நடந்ததைத் தோண்டித் தோண்டிக் கேக்காதீங்க. அவங்களா சொல்ற வரைக்கும் போதும்.

வாச்சாத்தி கிராமத்துல நடந்ததை இதோட கலக்காதீங்க. 1992 ஜூன் 20-ல அங்க நடந்தது சந்தனக்கட்டை பதுக்கினாங்கன்னு சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை சேர்ந்து போன ரெய்டு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 54 பேர் தீர்ப்புக்கு முன்னாடியே இறந்துட்டாங்க, மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள்னு தருமபுரி கோர்ட் 2011 செப்டம்பர் 29-ல சொல்லுச்சு. சரியா 12 வருஷம் கழிச்சு அதே தேதியில ஹைகோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. சட்டத்தைக் காக்க வந்தவங்க யாரு, மீறினவங்க யாருன்னு கத்துக்க அந்தத் தீர்ப்பைப் படிங்க. அந்த ரெய்டுல பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் பேரை எங்கயும் எழுதாதீங்க, அது சட்டப்படியும் குற்றம்.

ஆர்வம் வந்துட்டா இன்னும் பின்னாடி போகலாம். மாடு கவர வந்தவங்களோட சண்டை போட்டுச் செத்தவங்களுக்கு நட்ட நடுகல் நம்ம மாவட்டத்துல நிறைய. தருமபுரி அகழ்வைப்பகத்துல கிட்டப் போய்ப் பார்க்கலாம். வெள்ளைக்காரன் காலத்துக்கு சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். 1965-க்கு முன்னாடி நாம சேலம் மாவட்டம்கிறதால சேலம் பேர்லதான் தேடணும்.

ஆனா அதெல்லாம் காத்திருக்கும், கல்லும் காகிதமும் இருக்கிற இடத்துலதான் இருக்கு. ஒரு நோட்டு, ஒரு பேனா, சார்ஜ் போட்ட போன் எடுத்துக்கிட்டு இந்த ஞாயித்துக்கிழமையே உங்க தெருவுல வயசுல மூத்தவங்க யாரோ, அவங்க வீட்டுக்கு முதல்ல போங்க.