ஜோடி சேர்ப்பது யார் உரிமை?

கே: நான் ரசித்த காதல் ஜோடியை, எழுதியவரே பிற்பாடு 'சேர்ந்திருக்க வேண்டாம்' என்று சொன்னால் மனசு வலிக்கிறதே. அவர் சொல்வதை ஏற்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்

ப: வேண்டியதில்லை. 'ஹாரி பாட்டர்' கதைகளில் ஹெர்மயனியை ரானோடு சேர்த்தது கதையின் தேவையால் அல்ல, தன் பழைய ஆசையால்தான் என்று ஜே.கே. ரௌலிங் 2014-இல் ஒரு பேட்டியில் சொன்னபோது, உங்களைப் போலவே பலர் துடித்தார்கள். ஆனால் புத்தகத்தில் ஒரு வரியும் மாறவில்லை. அச்சேறியது கதை, பிறகு சொல்வது அபிப்பிராயம்.

எனக்கு அதைவிடக் கவலை, ரசிகருக்குப் பயந்து கதையை வளைப்பது. உங்கள் மாநிலத்திலேயே நடந்தது. 1998-இல் ஃபாசில் இயக்கிய 'ஹரிகிருஷ்ணன்ஸ்' படத்தில் மம்மூட்டியும் மோகன்லாலும் ஒரே பெண்ணை விரும்பும் வக்கீல்கள். ஜூஹி சாவ்லா யாருக்கு? இரு தரப்பு ரசிகரும் கோபிக்கக் கூடாதென்று இரண்டு முடிவுகள் எடுத்து, சில தியேட்டரில் ஒன்று, சிலவற்றில் மற்றொன்று என்று ஓட்டினார்கள். நாயகர்கள் இருவரும் ஜெயித்தார்கள். அந்தப் பெண்ணின் மனசு மட்டும் காணாமல் போனது.

கல்கி வேறு மாதிரி. 1954-இல் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை முடிந்ததும் வாசகர்கள் கேள்விகளால் துளைத்தார்கள். அவர் முடிவைத் திருத்தவில்லை. முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அந்தக் கதையின் காதல் ஜோடிக்கு வரலாற்றுத் துணையும் உண்டு: குந்தவையின் கணவர் வந்தியத்தேவர் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சாட்சி. அதே கதையில் வந்தியத்தேவரை விரும்பியும் சேர முடியாமல் போன மணிமேகலைக்காக இன்றும் அழுகிறவர்கள் உண்டு. அழட்டும், அது வாசகர் உரிமை.

உங்கள் ஜோடியை நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.