ஓகஸ்டில் காரோடு கடல் கடப்போர் திரும்பும் திகதியை முதலில் முடிவு செய்க

பங்குனி பிறந்துவிட்டது. இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்கள் ஜூலை பிற்பகுதியில் மூடினால் செப்டம்பர் தொடக்கத்தில்தான் திறக்கும். பாரிஸ் மாணிக்க விநாயகர் தேர், லூர்தில் ஓகஸ்ட் 15 மாதா திருநாள், ஜேர்மனியில் சித்தப்பா வீடு, சுவிஸில் பெறாமகளின் சாமத்தியவீடு என்று எல்லாமே அந்த ஆறு வாரத்துக்குள் வந்து நெருக்குகின்றன. காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக நினைக்கும் குடும்பங்கள் இப்போதே உட்கார்ந்து கணக்குப் போடவேண்டும். ஜூனில் உட்கார்ந்தால் கேட்ட விலையைக் கட்டுவதைத் தவிர வேறு வழியிருக்காது.

டோவரிலிருந்து கலேக்குப் பி அண்ட் ஓ, டிஎஃப்டிஎஸ், ஐரிஷ் ஃபெரீஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் கப்பல் விடுகின்றன. ஒன்றரை மணி நேரப் பயணம். மூன்றிலும் விலை நாளுக்கு நாள், கப்பலுக்குக் கப்பல் மாறும். இடம் நிறைய நிறைய ஏறும். போகும்போது பள்ளிக்கூடம் மூடிய பிறகு வரும் முதல் சனிக்கிழமையையும் திரும்பும்போது ஓகஸ்ட் கடைசி வாரத்தையும் தவிர்க்கப் பாருங்கள். நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பாரிஸ் தேர் பெரும்பாலும் ஓகஸ்ட் இறுதியை ஒட்டிய ஞாயிறில் வரும். இங்கிலாந்தில் ஓகஸ்ட் கடைசித் திங்கள் வங்கி விடுமுறை. தேர் பார்த்துவிட்டு அந்தத் திங்களே கலேக்கு ஓடுகிறவர்கள், ஊரெல்லாம் வீடு திரும்பும் நாளில் வரிசையில் நிற்கிறார்கள். பாரிஸ் லாச்சப்பலில் யாராவது உறவினர் வீட்டில் இன்னும் இரண்டு நாள் படுக்க இடம் இருந்தால் செவ்வாய் அல்லது புதன் காலைக் கப்பலுக்குப் பதியுங்கள். அதனால்தான் திரும்பும் திகதியை முதலில் முடிவு செய்யச் சொல்கிறோம். போகும் திகதியைத் தள்ளிப்போட வழி உண்டு. பள்ளிக்கூடம் திறக்கும் நாளைத் தள்ளிப்போட முடியாது.

போகும் நாளுக்கு வார நடுவே பாருங்கள். ஓகஸ்ட் சனிக்கிழமைகளில் பிரான்சுக்காரர்களே குடும்பத்தோடு தெற்கே கிளம்புவார்கள். அவர்களுடைய அரசு ‘பிசோன் ஃபியூத்தே’ என்ற பெயரில் ஒவ்வொரு நாளின் நெரிசலையும் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நிறம் குறித்து முன்கூட்டியே வெளியிடுகிறது. லூர்து போகிறவர்கள் நாட்டைக் குறுக்கே கடக்கவேண்டும். கறுப்பு நாளில் கிளம்பினால் பெற்றோலும் போகும், வழியில் தங்கும் அறைக்கும் காசு போகும்.

நள்ளிரவுக் கப்பல் மலிவாக இருக்கலாம். ஓட்டுவதற்கு இரண்டு பேர் இல்லாத குடும்பத்துக்கு அதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். பகல் முழுக்க வேலை செய்துவிட்டு, விடியப்புறம் கலேயில் இறங்கி, வலப்பக்கமாக முந்நூறு கிலோமீற்றர் ஓட்டுவது பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு செய்யும் காரியமில்லை. அதிகாலைக் கப்பல் பல நாட்களில் இதேயளவு மலிவு.

இன்னொரு ‘தந்திரம்’ வாய்மொழியாகச் சுற்றுகிறது. ஒருநாள் போய்வரும் சீட்டு மலிவு என்பதால் அதை வாங்கிப் போவதற்கு மட்டும் பாவிப்பது. நிறுவனங்களின் நிபந்தனைகள் இதைத் தடுக்கின்றன. வித்தியாசத்தைப் பிறகு உங்கள் வங்கி அட்டையில் அறவிடலாம். வேண்டாம்.

காருக்குச் சொல்லும் விலையில் உள்ளே இருப்பவர்களும் இந்தக் குறுகிய வழியில் பெரும்பாலும் அடக்கம். ஆகவே அக்கா குடும்பமும் தங்கை குடும்பமும் இரண்டு காரில் போவதைவிட ஏழு பேர் ஏறும் ஒரே காரில் போனால் கப்பல், பெற்றோல், சுங்கம் மூன்றும் பாதியை நெருங்கும். வாடகைக் காரென்றால் வெளிநாடு கொண்டுபோக நிறுவனத்தின் அனுமதியும் வி.இ.103 சான்றிதழும் கேட்டு வாங்குங்கள். கூரைமேல் பெட்டி கட்டினால் உயரத்தை அளந்து, பதியும்போதே சரியாகக் கொடுங்கள். துறைமுகத்தில் கண்டுபிடித்தால் அங்கே வாங்கும் விலை வேறு.

எந்தத் துறைமுகம் என்பதை வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் வாசல்வரை கணக்கிடுங்கள். நம்மில் பலர் பழக்கத்தில் கலே என்றே பதிகிறார்கள். ஜேர்மனியில் கெவெலார் மாதாவிடமோ ஹம் காமாட்சி அம்பாளிடமோ போகிறவர்கள் டன்கேர்க் கப்பலைப் பாருங்கள். கடலில் இரண்டு மணி நேரம், ஆனால் இறங்கியதும் பெல்ஜிய எல்லை பக்கம். பெல்ஜியத்திலும் ஜேர்மனியிலும் சாதாரணக் காருக்கு நெடுஞ்சாலைச் சுங்கம் இல்லை. அன்ட்வேர்ப், பிரசெல்ஸ், கென்ட் நகரங்களுக்குள் போவதென்றால் பிரித்தானியக் காரை முன்கூட்டியே இணையத்தில் பதியவேண்டும். பதிவு இலவசம், மறந்தால் தண்டம். கிழக்கு லண்டன், எசெக்ஸ் பக்கத்தவர்களுக்கு ஹாரிச்சிலிருந்து ஹாலந்து முனைக்குப் போகும் ஸ்டெனா லைன் கப்பலும் உண்டு. இரவுப் பயணத்துக்கு அறை கட்டாயம். அறைக் காசைப் பார்த்துப் பின்வாங்காமல், மிச்சமாகும் பெற்றோலையும் ஒரு ஹோட்டல் இரவையும் கழித்துப் பாருங்கள். க்ரோய்டன், சட்டன் பக்கத்தவர்கள் பாரிஸ் போக நியூஹேவன்–தியெப் வழியையும் விசாரியுங்கள். கடலில் நான்கு மணி நேரம், ஆனால் தியெப்பிலிருந்து பாரிசுக்கு இருநூறு கிலோமீற்றரளவுதான். அந்த வழியில் வரும் ஏ13 நெடுஞ்சாலையில் இப்போது சுங்கச்சாவடி கிடையாது. கமரா இலக்கத்தகட்டைப் படிக்கும். நீங்கள் 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்டவேண்டும். உறவினர் வீட்டுக் கதையில் மறந்துபோனால் சில யூரோ சுங்கம் பெரிய தண்டமாகிவிடும். சுவிஸ் போகிறவர்கள் 40 பிராங் வீன்யெற் என்ற நெடுஞ்சாலை அனுமதி வாங்காமல் நெடுஞ்சாலையில் ஏறமுடியாது. ஒருநாள் போனாலும் அதே விலை.

இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வீட்டில் ஒருவர் இருந்தாலும் ஷெங்கன் வீசாதான் முதல் வேலை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், ஆகவே ஓகஸ்டுக்கு இப்போதே முடியும். கோடை நெருங்க நெருங்க லண்டனில் நேரம் கிடைப்பது கடினம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். அதிக நாள் எந்த நாட்டில் தங்குவீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். இறங்குமிடம் கலே என்பதற்காகப் பிரான்சிடம் போகவேண்டியதில்லை. நெதர்லாந்தில் இருந்துவிட்டு இங்கே வந்த குடும்பங்களில் கணவரிடம் டச்சுக் கடவுச்சீட்டும் மனைவியிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் இருப்பதுண்டு. அவர்கள் சேர்ந்து பிரான்ஸ் போகும்போது மனைவியின் வீசாவுக்குக் கட்டணம் கிடையாது. பலர் இது தெரியாமலே கட்டுகிறார்கள். வீசா கையில் வருமுன் பயணச்சீட்டு எடுப்பதென்றால் மாற்றக்கூடிய சீட்டாக எடுங்கள். மற்றவர்களுக்கு அப்படிப்பட்ட சீட்டுக்குக் கட்டும் மேலதிகக் காசு பெரும்பாலும் வீண்.

பிரித்தானியக் கடவுச்சீட்டு என்றால் உள்ளே நுழையும் நாளில் அது வழங்கிப் பத்து ஆண்டு தாண்டியிருக்கக்கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாகவேண்டும். பிள்ளைகளுடையதையும் இன்றே எடுத்துப் பாருங்கள்; அவர்களுடையது ஐந்து ஆண்டுதான். ஐரோப்பிய எல்லையின் கைரேகை, முகப்படப் பதிவுக்குக் கட்டணமே இல்லை. 12 வயதுக்குக் கீழே கைரேகையும் இல்லை. அதற்குக் காசு கேட்கும் எந்தத் தளத்துக்கும் கொடுக்காதீர்கள். சுகாதார அட்டையான ஜிஹிக்கும் அப்படித்தான், என்எச்எஸ் தளத்தில் இலவசம்.

வழிச் சாப்பாடு கட்டிப்போவது நல்ல மிச்சம். ஆனால் இறைச்சியும் பாலுணவும் பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. அம்மம்மாவின் மட்டன் ரோல்ஸும் தயிர்ச்சாதமும் கப்பலிலேயே முடியவேண்டும். மீனுக்கு இந்தத் தடை இல்லை. மீன் ரோல்ஸ் செய்யுங்கள். குழந்தையின் பால்மாவுக்கு விலக்கு உண்டு. கறிவேப்பிலையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், லாச்சப்பலில் இல்லாத கறிவேப்பிலையா! திரும்பும்போதும் பிரெஞ்சுச் சீஸ் வேண்டாம். 2025 ஏப்ரலில் பிரித்தானியா அதைத் தடைசெய்தது.

இந்த வாரமே கார்க் காப்புறுதி நிறுவனத்துக்கு ஒரு தொலைபேசி எடுங்கள். முழுக் காப்புறுதி என்று இங்கே கட்டுவது கடல் தாண்டியதும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியாகச் சுருங்கிவிடுவது உண்டு. பழுது உதவி ஐரோப்பாவையும் சேர்த்ததா என்று கேளுங்கள். பிரெஞ்சு நெடுஞ்சாலையில் கார் நின்றால் உங்கள் நிறுவனத்தின் வண்டி நேரே வரமுடியாது. செம்மஞ்சள் தொலைபேசித் தூணில் கூப்பிட்டால் அரசு நிர்ணயித்த விலைக்கு இழுத்துப்போவார்கள். பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு காப்புறுதியிடம் கேட்கவேண்டும்.